செம்பருத்தி ஏன் இலையோடு கரைந்துபோகிறது? கறுப்பு வெள்ளையில் பூக்களைப் படமெடுப்பது

பச்சை இலைகளுக்கு நடுவே பூத்திருக்கும் சிவப்புச் செம்பருத்தியைத் தெருமுனையிலிருந்தே கண் பிடித்துவிடும். அதையே போனில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பூவைத் தேட வேண்டியிருக்கும். இதழும் இலையும் ஒரே சாம்பலில் கலந்துகிடக்கும்; நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரியும். இதில் கேமராவின் தப்பு எதுவும் இல்லை, எடுத்தவர் தப்பும் இல்லை. இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால், கறுப்பு வெள்ளையில் பூ எடுப்பதன் அடிப்படை புரிந்துவிடும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நம் கண் செம்பருத்தியை இலையிலிருந்து பிரித்துப் பார்ப்பது நிறத்தை வைத்து. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமே கிடையாது. அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எந்த இடம் எவ்வளவு இருட்டு. இந்த வெளிச்ச அளவைத்தான் புகைப்படக்காரர்கள் டோன் என்கிறார்கள். நிறத்தில் ஏழாம் பொருத்தமாக இருக்கும் இரண்டு பொருள்கள் டோனில் ஒன்றாக இருக்கலாம்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரு செம்பருத்தி இதழின் எண்கள் 210, 45, 60 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து இலை 70, 120, 50. மூன்றையும் சேர்த்து ஒரே சாம்பல் எண்ணாக மாற்றுவதற்கு வெகுநாளாகப் புழங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59 சதவீதம், நீலத்தில் 11 சதவீதம். அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு முறை வகுத்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த கணக்கு இது. மனிதக் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் குறைவாகவும் தெரியும் என்பதால்தான் இந்த ஏற்ற இறக்கம். இப்போது பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். இதழுக்கு 96 வருகிறது. இலைக்கு 97. பூ மறைந்த கதை அவ்வளவுதான்.

அதே எண்களை வேறு மாதிரியும் பார்க்கலாம். சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் இதழ் 210, இலை 70. இருட்டான இலைகளுக்கு மேல் வெளேரென்று ஒரு பூ. பச்சை எண்ணை மட்டும் எடுத்தால் இதழ் 45, இலை 120. இப்போது வெளிர் இலைகளுக்கு நடுவே கரும்பூ. பூ ஒன்று, எடுத்த நொடி ஒன்று, படம் இரண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எடுப்பவர் கையில் இருக்கிறது. நிறத்தை நீக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையில் எனக்கு இருக்கும் பிடிப்பெல்லாம் இந்த இடத்தில்தான்.

இதை அந்தக் காலத்திலேயே செய்தார்கள். ஃபிலிம் கேமராவின் லென்ஸுக்கு முன்னால் நிறக் கண்ணாடி ஒன்றைத் திருகி மாட்டுவார்கள். சிவப்பு ஃபில்டர் சிவப்பைப் படத்தில் வெளுக்க வைக்கும், பச்சையையும் நீலத்தையும் கறுக்க வைக்கும். பச்சை ஃபில்டர் இதற்கு நேர்மாறு. தன் நிறத்தை உள்ளே விட்டு எதிர் நிறத்தைத் தடுப்பதுதான் ஃபில்டரின் வேலை, அதை நினைவில் வைத்தால் போதும்.

அதற்கும் முந்திய காலத்தில் இந்த வசதிகூட இல்லை. ஆரம்பகாலப் புகைப்படத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்புப் பூ எதுவானாலும் கறுப்பாகத்தான் விழும். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர், தகட்டுப் பூச்சில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் அதற்குத் தெரிய ஆரம்பிக்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வர 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

பழைய தகடு பார்த்த மாதிரி பூவைப் பார்க்க ஆசையா? சாயங்காலம் விளக்கு போடுகிற நேரம் தாண்டி, நன்றாக மங்கிய பிறகு செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பகலில் கண்ணைப் பறித்த சிவப்பு இப்போது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டிருக்கும். இலைகள்தான் பூவைவிட வெளிச்சமாகத் தெரியும். இருட்டில் நம் கண் சிவப்பை இழந்துவிட்டு நீலம், பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியவர் புர்கின்யே என்ற செக் அறிஞர். இந்த மாற்றத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

முதலில் வெள்ளைப் பூவிடம் போங்கள்

நிறத்தைச் சாம்பலாக்கும் வேலை சுவையானதுதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. முதல் பூ வெள்ளையாக இருக்கட்டும். நந்தியாவட்டை, மல்லிகை, சம்பங்கி, வெள்ளை அரளி, எது கிடைக்கிறதோ அது. வெள்ளைப் பூவில் இழப்பதற்கு நிறம் இல்லை. அதனால் கவனம் முழுக்க வடிவத்தின் மேலும் வெளிச்சத்தின் மேலும் போகும்.

கறுப்பு வெள்ளைப் பூப்படங்களில் பெயர் பெற்றவற்றை எடுத்துப் பார்த்தாலும் வெள்ளைப் பூக்கள்தான் முன்னால் நிற்கின்றன. அமெரிக்கப் புகைப்படக்காரர் இமோஜென் கன்னிங்ஹாம் 1925-இல் எடுத்த மக்னோலியா பூ அப்படித்தான். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே அதிகம் போக முடியாத வருஷங்களில், கலிஃபோர்னியாவில் தன் வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். மக்னோலியா படத்தில் அவர் பூவின் உள்ளுக்குள்ளேயே போய்விட்டார். படச்சட்டம் முழுக்க இதழ்களும் நடுவிலுள்ள கூம்பும்தான். 1980-களில் நியூயார்க்கில் ராபர்ட் மேப்பில்தார்ப் எடுத்த கல்லா லில்லிகளும் இப்படித்தான்: கறுப்புப் பின்னணி, ஒற்றைப் பூ, ஒரே வளைவு. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் ஈரமான ஓடையோரங்களில் வெள்ளைப் புனல் மாதிரி வளர்ந்து நிற்குமே, அதுதான் கல்லா லில்லி.

இனி நந்தியாவட்டையை எடுத்துக்கொள்வோம். ஒற்றை அடுக்குப் பூவாக இருக்கட்டும். ஐந்து இதழ், ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் முறுகித் திரும்பி, காற்றாடி போல இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் இந்த முறுக்கு எதுவும் தெரியாது, வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாக விழும். அதே பூவைப் பறித்து ஒரு சின்னக் குப்பியில் நிறுத்தி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேரடி வெயில் உள்ளே விழாத ஜன்னலாகப் பாருங்கள், மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இப்போது ஜன்னல் பக்கத்து இதழ் வெளிச்சமாகவும், அதன் மடிப்பு லேசான சாம்பலாகவும், எதிர்ப்பக்கத்து இதழ் இன்னும் கொஞ்சம் இருட்டாகவும் மாறியிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் இதழின் ஓரமும் எழும்பி அடுத்த இதழின் மேல் ஒரு மெல்லிய நிழலைப் போட்டிருப்பது தெரியும். இதழ்களைத் தனித்தனியாகக் காட்டுவது அந்த நிழல்தான். கறுப்பு வெள்ளையில் பூவை வரைவது நிழல் என்றே நான் சொல்வேன்.

எதிர்ப்பக்கம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளையோ தெர்மாகோல் துண்டையோ நிறுத்துங்கள். பக்கத்தில் கொண்டுவரக் கொண்டுவர நிழல் இளகும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அளவுகோல் கிடையாது, தாளை முன்னும் பின்னும் நகர்த்திக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

கேமரா ஏமாறும் இடம்

வெள்ளைப் பூவில் பலரும் தடுக்கி விழுவது எக்ஸ்போஷரில், அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவில். கேமரா எதைப் பார்த்தாலும் மொத்தக் காட்சியும் நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. கறும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மல்லிகை இருந்தால், 'அட, காட்சி இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இலைகள் சாம்பலாகும், மல்லிகை வெந்து வெள்ளைத் திட்டாகிவிடும். அந்தத் திட்டுக்குள் இதழின் விவரம் எதுவும் பதிவாகியிருக்காது, பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. இதற்கு மருந்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதியாக, குறைப்பது. போனில் என்றால் பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். திரையில் இதழின் மடிப்புகள் திரும்பத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். பெரிய வெள்ளைப் பூ ஒன்று சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அதை 'ரொம்ப வெளிச்சம்' என்று நினைத்துக் குறைத்துவிடும்; பூ அழுக்குச் சாம்பலாக வரும். அப்போது கூட்ட வேண்டும். ஆக, வெள்ளை என்றால் குறை என்று ஒற்றை விதியாக மனப்பாடம் செய்யாதீர்கள். சட்டத்துக்குள் எது அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிவப்புப் பூவில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. வெயிலில் நிற்கும் செம்பருத்தியின் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பது போலவே திரையில் தெரியும். ஆனால் அந்த மூன்று எண்களில் சிவப்பு மட்டும் 255-ஐ முட்டி நின்றிருக்கும். வண்ணப் படத்தில்கூட இதழ் வழவழவென்று நரம்பில்லாமல் இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, சிவப்பை வெளுக்க வைத்தால் பூ வெறும் வெள்ளை ஓட்டையாகிவிடும். கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) காட்டும் வசதி இருந்தால் சிவப்புக் கோடு வலது சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால் நிழலில் இருக்கும் பூவைத் தேர்ந்தெடுங்கள். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

வண்ணத்தில் எடுத்து, பிறகு மாற்றுங்கள்

போனிலும் கேமராவிலும் மோனோ என்றோ மோனோக்ரோம் என்றோ ஒரு தேர்வு இருக்கும். பார்ப்பதற்கு அது அருமையான உதவி. பூவுக்கு முன்னால் போனை நீட்டினாலே இதழும் இலையும் பிரிகிறதா கலக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கண்ணைப் பாதி இடுக்கிக்கொண்டு பார்ப்பதும் பழைய ஓவியர்கள் வழி. நிறம் அடங்கி வெளிச்ச வேறுபாடு மட்டும் மிஞ்சும். ஆனால் அப்படியே ஜேபெக் கோப்பாகச் சேமித்துவிட்டால் நிறத் தகவல் போய்விடும்; எந்த நிறம் எந்தச் சாம்பல் என்று பிறகு மாற்ற வழியிருக்காது. கேமராவில் ரா கோப்பு, அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, எடுக்கும் வசதி இருந்தால் திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், கோப்புக்குள் நிறம் பத்திரமாக இருக்கும். போனில் சாதாரண வண்ணப் படமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது, நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் 'சாச்சுரேஷன்' ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அது நிறத்தைப் பறிக்கும், அவ்வளவே. லைட்ரூம் என்ற படத்திருத்தச் செயலியில் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று தொடங்கி மெஜந்தா வரை எட்டு ஸ்லைடர்கள் வரும். ஒவ்வொன்றும் அந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று கேட்கிறது. ஸ்னாப்சீட் என்ற போன் செயலியின் கறுப்பு வெள்ளைக் கருவியில் இதற்குப் பதில் பழைய கண்ணாடி ஃபில்டர்கள் மாதிரியே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

முதன்முதலில் உட்காருகிறவர்கள் குழம்பும் இடம் இலை. இலை பச்சைதானே என்று பச்சை ஸ்லைடரை இழுத்தால் பெரிதாக ஒன்றும் அசையாது. மஞ்சள் ஸ்லைடரைத் தொட்டதும் செடியே இருண்டு வெளுக்கும். இலையின் பச்சையில், குறிப்பாக வெயில் பட்ட தளிரில், மஞ்சள் அவ்வளவு கலந்திருக்கிறது. அதனால் செம்பருத்திக்குச் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, மஞ்சளையும் பச்சையையும் சேர்த்து இறக்குங்கள். பூ முன்னால் வரும், இலை பின்னால் போகும்.

செங்காந்தளில் இந்த விளையாட்டு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரே இதழில் அடிப்பக்கம் மஞ்சள், நுனிப்பக்கம் சிவப்பு. மஞ்சளை ஏற்றிச் சிவப்பை இறக்கினால் இதழ் கருந்தீ மாதிரி எழும்; அடி வெளிச்சம், நுனி கறுப்பு. இரண்டையும் ஏற்றினால் நிறம் மாறும் இடமே மறைந்து, சுருண்டு நெளியும் இதழோரம் மட்டும் நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்த நெளிவைச் சிவப்பும் மஞ்சளும் சண்டை போடாமல் நிம்மதியாகப் பார்க்க முடிகிறது. சங்குப்பூவில் நீல ஸ்லைடரை இறக்கினால் நடுவிலுள்ள வெளிர்மஞ்சள் தடம் பளிச்சென்று வெளியே வரும்.

எந்த ஸ்லைடரையும் கடைசி வரை இழுக்காதீர்கள். இதழோரத்தில் வெள்ளைக் கோடு விழும், பின்னணியில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் கிளம்பும். போன் படங்களில் இது சீக்கிரமே வந்துவிடும்.

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணப் படத்தில் பின்னால் இருக்கும் குச்சி, சுவர், குடம் எல்லாவற்றையும் பூவின் நிறம் அமுக்கிவிடும். கறுப்பு வெள்ளையில் அவை எல்லாம் பூவோடு சரிக்குச் சரி நிற்கும். வெயில் பட்ட பூவுக்குப் பின்னால் வீட்டு வாசலின் இருட்டோ மரநிழலோ வருமாறு நீங்கள் ஓரடி நகர்ந்தால் போதும், பூவுக்கேற்ற எக்ஸ்போஷரில் பின்னணி தானாகவே கறுத்துவிடும். வீட்டுக்குள் என்றால் கறுப்பு சார்ட் பேப்பரைவிட வெல்வெட் துணி நல்லது. சார்ட் பேப்பர் பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளத்துச் சாம்பலாகிவிடும். எப்போதும் கறுப்புதான் வேண்டும் என்றும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் கலைப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், மாணவர்கள் வடிவத்தைக் கற்றுக்கொள்வதற்காகச் செடிகளையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். அவர் படங்களில் பலவற்றின் பின்னணி வெறும் வெளிர் அட்டை. தண்டில் இருக்கும் மயிர்கூட அதில் தெளிவாகத் தெரியும்.

காற்றும் ஃபோகஸும் எல்லாப் பூப்படத்துக்கும் பொதுவான தொல்லைகள். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது போவது உத்தமம். கேமராவில் லென்ஸின் திறப்பை எஃப் 8 அல்லது எஃப் 11-க்குச் சுருக்கி வைத்தால் பூவின் பெரும்பகுதி தெளிவாக வரும். போனை ரொம்ப நெருக்கிக்கொண்டு போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இதழில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் விட்டுவிடலாம். ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் குத்தும், இதழின் வளைவைப் பார்க்க விடாது.

எல்லாப் பூவும் இதற்கு ஒத்துவராது. கதம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகைக்குப் பக்கத்தில் கனகாம்பரம், அதற்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து என்று கட்டுகிறவர் நினைத்து நினைத்து வைப்பது நிறத்தைத்தான். அதைப் பிடுங்கிவிட்டால் வெறும் நெரிசல், வண்ணத்திலேயே எடுங்கள். வெறும் மல்லிகைச் சரம் அப்படியல்ல. ஒரே வெள்ளை மொட்டு திரும்பத் திரும்ப வரும், இடையிடையே வாழைநார் முடிச்சு. கருநீலப் புடவை ஒன்றை விரித்து அதன்மேல் சரத்தைச் சுருட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். முடிச்சில் நார் திரிந்திருப்பது தெரியும் அளவுக்கு ஃபோகஸ் இருக்கட்டும். அப்புறம் நீல ஸ்லைடரை இறக்கினால் புடவை முழுக்கக் கறுத்து, சரம் மட்டும் நிற்கும்.